ஜவ்வரிசி ஆலையில் ரோஸ் அறை

தங்கதுரைக்குக் கரும்பு ஆகாது. மணலூர்பேட்டையில் பிறந்து பெண்ணையாற்றங்கரை வயல்களுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு இது பெரிய குறைதான். தோகை பட்ட இடமெல்லாம் தடித்து வீங்கும், இரண்டு நாளைக்குக் காய்ச்சல் அடிக்கும். அப்பா பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "இவன் காட்டு வேலைக்கு ஒதவ மாட்டான்" என்று சொல்லி, கள்ளக்குறிச்சியில் பெயின்ட் வேலை பார்த்த தூரத்து உறவுக்காரரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டார். மீசை அரும்பாத வயது. அன்றிலிருந்து தங்கதுரையின் பிழைப்பு சுவர்களோடுதான்.

அவன் தொழில் பழகிய விதமே தனி. மற்றவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். இவன், சுவருக்குள்ளே இருக்கிற ஆட்களைப் பார்ப்பான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் ஆசைப்பட்டு உள்ளே முழுக்க நீலம் அடிக்கச் சொன்னார். அடித்த மாதத்திலிருந்து கடையில் கூட்டம் குறைந்தது. வந்தவர்களும் இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்கள். சமையல்காரனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார் கடைக்காரர். தங்கதுரை போய், "மாமா, நீலத்துல சோறு வெளுத்துப் போன மாதிரி தெரியுது. பழுத்த பூசணி கலர் அடிச்சுப் பாக்கலாம்" என்றான். அடித்தார்கள். மறுபடியும் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தது கூட்டம்.

இன்னொரு சங்கதியும் அவனுக்குத் தெரியும். நாளெல்லாம் சிவப்புக் காவியையே பார்த்துக்கொண்டு வேலை செய்துவிட்டு, வெள்ளைச் சுவர் பக்கம் திரும்பினால் சுவரில் பச்சை மிதக்கும். கொஞ்ச நேரம் இருந்து மறையும். இதை ஒரு ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் சொன்னபோது அவர், "ஆபரேஷன் பண்றவங்க பச்சைத் துணி போடறதே அதுக்குத்தாம்பா. ரத்தத்தையே பாத்துக்கினு இருக்கிற கண்ணு, வெள்ளைத் துணியப் பாத்தா இல்லாத பச்சையெல்லாம் தெரியும்" என்றார். கண் ஒரு நிறத்தில் சலித்துவிட்டால் அதன் எதிர் நிறத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பது தங்கதுரைக்கு அப்படித்தான் புரிந்தது. கண் பொய் சொல்லும் என்பதும் புரிந்தது. அப்போது அது அவனுக்கு ஒரு வேடிக்கை.

எண்பத்தேழாம் வருஷம். தென்னாற்காடு மாவட்டம் முழுக்கப் புகைந்துகொண்டிருந்த நேரம். வன்னியர்களுக்கு இருபது சதவீதம் கேட்டு ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. புளியமரத்திலும் கிணற்றடியிலும் மஞ்சள் கொடி பறந்தது. புரட்டாசி பிறந்ததும் ஒரு வாரம் ரோட்டை மறிக்கப்போவதாகப் பேச்சு. தங்கதுரையும் அந்தச் சாதிக்காரன்தான். ஆனால் கூட்டத்துக்குப் போனால் கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டு வருகிற ரகம். சின்னப்பொண்ணைக் கட்டி வெகுகாலம் ஆகவில்லை. அவள் முழுகாமல் இருந்தாள்.

ஆவணியில் ஒரு நாள், அவன் வழக்கமாகச் சாமான் வாங்கும் பெயின்ட் கடைக்கு ஓர் அதிகாரி வந்தார். வெளியூர்க்காரர். இன்ன துறை என்று அவராகச் சொல்லவில்லை, ஜீப்பைப் பார்த்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். சன்னமான குரல், சுத்தமான நகம். வாத்தியார் மாதிரி இருந்தார். கையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை.

"நீங்கதானே தங்கதுரை? கலர் கலக்கறதுல நீங்க கெட்டிக்காரர்னு சொன்னாங்க" என்று பத்திரிகையைப் பிரித்துக் காட்டினார். ஒரு வெறும் அறையின் படம். சுவர் முழுக்க ஒரு ரோஸ் நிறம். பூவின் ரோஸ் இல்லை, பஞ்சுமிட்டாய் ரோஸும் இல்லை. சதைக்குப் பக்கத்தில் வருகிற ஏதோ ஒன்று.

"அமெரிக்காவுல ஒரு ஜெயில்ல இதை அடிச்சிருக்காங்க. எப்பேர்ப்பட்ட முரடனையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினா, கொஞ்ச நேரத்துல கை தளர்ந்து உட்கார்ந்துடறானாம். அடி உதை கிடையாது. எவ்வளவு நாகரிகமான விஷயம் பாருங்க."

"எந்த எடத்துக்குங்க?"

"ஒரு ரூம். கொஞ்ச நாள்ல ஆளுங்க நிறைய வந்து தங்க வேண்டியிருக்கும். அமைதியா இருக்கணும் இல்லையா?"

தங்கதுரைக்குப் பாதி புரிந்தது. மீதியைப் புரிந்துகொள்ள அவன் முயலவில்லை. இப்படி ஒரு நிறத்தை அச்சாக வரவழைக்க முடியுமா என்ற யோசனையிலேயே கை பரபரத்தது.

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் மூடிக்கிடந்த ஜவ்வரிசி ஆலை அது. முதலாளி சேலத்துப் பக்கம் போய்விட்டார். கிழங்கு மாவு புளித்த வாடை சுவரில் ஊறிக் கிடந்தது. காவலுக்குக் கருப்பண்ணன் என்ற மலைக்காரர் மட்டும் இருந்தார். மேலே சின்னத் திருப்பதி பக்கம் அவருக்கு வீடு, கொஞ்சம் சாமைக்காடு.

மாவு மூட்டை அடுக்கிய நீளமான கிடங்கைத்தான் அதிகாரி காட்டினார். உயரத்தில் இரண்டு கம்பி ஜன்னல், கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. சுவர் மட்டும் போதாது, தரையும் கூரையின் அடிப்பக்கமும் கதவின் உட்புறமும்கூட அதே நிறத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளை டிஸ்டெம்பரில் சிவப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினான் தங்கதுரை. கொஞ்சம் கூடினால் நெற்றிக் குங்குமம், கொஞ்சம் குறைந்தால் ரோஜாப்பூ. நடுவில் ஓர் இடத்தில் அந்த நிறம் நின்றது. எட்டிப் பார்த்த கருப்பண்ணன், "பொறந்த புள்ளையோட உள்ளங்கால் மாதிரி இருக்குதுங்க" என்றார்.

முதல் பக்கச் சுவர் அடிக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. நான்கு சுவரும் ஆகி, மேலேயும் அடித்து, பின்னாலிருந்து தரையை அடித்துக்கொண்டே கதவை நோக்கி வருகிறபோதுதான் அந்த இடம் மாறியது. மூலைகள் காணாமல் போயின. சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சுவர் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக் கையை நீட்டினான், எட்டவில்லை. தூரத்தில் இருக்கிறது என்று நினைத்தபோது முட்டியில் இடித்தது. பிரஷ்ஷைப் பிடித்த கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருப்பதை அவன் பார்த்தான். எப்போது இறங்கியது என்று தெரியாது. சோற்று மூட்டை அவிழ்க்காமல் கிடந்தது. பசிக்கவில்லை. வேலையை முடிக்க வேண்டுமே என்றும் தோன்றவில்லை. குந்தியபடியே உட்கார்ந்திருந்தான்.

வாசலிலிருந்து கருப்பண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்போல. "இன்னாங்க, எவ்ளோ நாழி கூப்புடறேன்! காதுல உழலையா?"

"உள்ள வந்து கூப்புடறதுதானே?"

"நான் வர மாட்டேனுங்க. காலையில தண்ணி எடுத்துக்கினு உள்ள வந்தேன். எதுக்கு வந்தேன்னே மறந்துபோயி கொடத்தோட நின்னுக்கினு இருந்தேன்."

வெளியே வந்ததும் தங்கதுரைக்கு மலை கண்ணைப் பறித்தது. அப்படி ஒரு பச்சை. ஆலையின் வெளிச்சுவர், கருப்பண்ணனின் வெள்ளை வேட்டி, அவர் பல், எல்லாவற்றின் மேலும் பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை. கண் தன் வழக்கப்படி பொய் சொல்கிறது என்று தெரிந்தும் அன்றைக்கு அது வேடிக்கையாக இல்லை. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தவன், சின்னப்பொண்ணிடம் எதுவும் சொல்லாமல் படுத்துக்கொண்டான்.

புரட்டாசி பிறந்தது. ரோடெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு நடந்ததாகச் செய்தி வந்தது. சில ஊர்களில் காலனிக் குடிசைகளைக் கொளுத்தினார்கள் என்றும் வந்தது. எதை நம்புவது, யாரிடம் கேட்பது என்று தெரியாத வாரம் அது. சின்னப்பொண்ணு அம்மா வீட்டில் இருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தங்கதுரை வயல் வரப்பு வழியாக சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். ரோட்டைக் கடக்கிற இடத்தில் போலீஸ் வேன் நின்றது.

"கையக் காட்றா."

காட்டினான். நகக்கண்ணெல்லாம் மஞ்சள். முந்தின நாள் மாரியம்மன் கோயில் சுவருக்குப் பட்டை அடித்தது.

"செவுத்துல கோஷம் எழுதினது நீதானா?"

"கோயிலுக்கு அடிச்சதுங்க."

"எல்லாம் ஒரே மஞ்சள்தான். ஏறு."

வேனில் ஏற்கெனவே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கொளஞ்சியப்பன் அதில் இருந்தார். மைக் இல்லாமல் பேசினாலே பக்கத்து ஊருக்குக் கேட்கும் என்று பேர் வாங்கியவர். வேன் கம்பியைத் தட்டித் தட்டி அவர் கோஷம் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல, வேனே குலுங்கியது. ஓரமாக அம்மாசி என்று ஒரு கிழவர். அவர் எந்தக் கூட்டத்திலும் இல்லை. ஓடிப்போன ஆட்டைத் தேடி ரோட்டுக்கு வந்தவர்.

வேன் கச்சிராயபாளையம் ரோட்டில் திரும்பியபோதே எங்கே போகிறோம் என்று தங்கதுரைக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். முன்பே கொண்டுவந்து அடைக்கப்பட்டவர்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்தவர்களை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னாய்யா, எழவு வூடு மாதிரி குந்திக்கினு கீறீங்க! எழுந்திருங்கய்யா!" என்று கொளஞ்சியப்பன் கத்தினார். கோஷத்தைத் தொடங்கினார். வேனில் வந்தவர்கள் திருப்பிச் சொன்னார்கள். மறுபடி சொன்னார், மறுபடி சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் குரல் இளைத்துக்கொண்டே வந்தது. "கொடு, கொடு, இட ஒதுக்கீடு" என்றவர், அடுத்த சொல்லை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அங்கே சத்தம் என்று ஒன்று இல்லை. சோற்றுப் பொட்டலம் வந்தது. முந்தி அடித்துக்கொண்டு யாரும் வாங்கவில்லை. சிலர் பிரித்து வைத்துவிட்டு மறந்துபோனார்கள். எப்போது விடுவார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கூரைக் கண்ணாடி வழியாக வெயில் விழும்போது எல்லார் முகத்திலும் ரோஸ் ஏறி, முகத்துக்கும் சுவருக்கும் வித்தியாசம் இல்லாமல், கண்களும் மீசைகளும் மட்டும் தனித்தனியாக மிதப்பது மாதிரி இருக்கும். கொளஞ்சியப்பன் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் தங்கதுரையால் பார்க்க முடியவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அது அவனையும் ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் பகலில் அம்மாசிக்கு இழுப்பு வந்தது. அவருக்குப் பழைய வியாதி. புளித்த மாவு வாடை வேறு. நெஞ்சுக்கூடு மேலே ஏறி இறங்க, விசில் மாதிரி மூச்சு. ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு இன்னொரு கையை முன்னால் நீட்டினார். யாரையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தார்போல. அவருக்கு இருபுறமும் ஆள் இருந்தது. அவர்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள். எதிர்வரிசையும் பார்த்தது. கதவைத் தட்டி ஒரு குரல் கொடுத்தால் போதும், வெளியே காவலுக்கு ஆள் நிற்கிறார்கள். ஒருத்தர் எழுந்திருக்கவில்லை.

'செத்துருவாரு போலக்கீது' என்று தங்கதுரை நினைத்தான். மழை வரும்போலக்கீது என்று நினைக்கிற மாதிரியே நினைத்தான்.

நெற்றி வியர்வை வழிந்து அவன் கண்ணில் இறங்கியது. எரிந்தது. இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். இருட்டு. இருட்டில் பச்சைத் திட்டுகள் நீந்தின. அவை அடங்கிய பிறகு, திடீரென்று அந்த விசில் சத்தம் அவன் காதில் விழுந்தது. இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான். இப்போதுதான் உடம்பில் இறங்கியது. ஒரு மனுஷன் சாகிறான்! பக்கத்தில்! அவனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்தான். ரோஸ். படபடப்பு தண்ணீரில் விழுந்த உப்பு மாதிரிக் கரைந்தது. பரவாயில்லை என்றிருந்தது. மறுபடி மூடினான். பயம் வந்தது. இந்த முறை அவன் திறக்கவில்லை. மூடிய கண்ணோடு தவழ்ந்துபோய்க் கொளஞ்சியப்பனின் தோளைத் தேடிப் பிடித்தான்.

"அண்ணே, கண்ண மூடுண்ணே."

"எதுக்கு?"

"மூடுண்ணே! இந்த ரூமுக்குக் கலர் அடிச்சவன் நான்தான். இது மனுஷன அடக்கிப் போடற கலரு. அப்படித்தான் சொல்லி அடிக்கச் சொன்னாங்க. அந்தப் பெரியவரு சாவறாருண்ணே. நாம பாத்துக்கினு கீறோம்."

தங்கதுரை தடவித் தடவி அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, அவர் கண்ணைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பெரிய உடம்பு அவன் கைக்குள் உதறியது.

"யோவ்!" என்று எழுந்தது குரல். "யோவ், யாருய்யா அங்க மூச்சு உட முடியாம கெடக்கறது! துண்டெடுத்துக் கண்ண கட்டுங்கய்யா! எல்லாரும் கட்டுங்க!"

அந்தக் குரலுக்குப் பழகிய கைகள் துண்டைத் தேடின. துண்டு இல்லாதவன் வேட்டி முனையைக் கிழித்துக் கட்டினான். ஒருத்தன் ஓவென்று அழுதான். ஒருத்தன் தன் பெண்டாட்டி பேரைச் சொன்னான். இரண்டு பேர் தடவிக்கொண்டே போய் அம்மாசியைக் கண்டுபிடித்து நிமிர்த்தி உட்கார வைத்து நெஞ்சை நீவினார்கள். மற்றவர்கள் சத்தம் வந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டு, ஒருத்தர்மேல் ஒருத்தர் இடித்துக்கொண்டு கதவைத் தேடிப் போனார்கள். தட்ட ஆரம்பித்தார்கள்.

கதவைத் திறந்த போலீஸ்காரர் இரண்டடி பின்வாங்கினார் என்று கருப்பண்ணன் பின்னால் சொல்வார். கண்ணைக் கட்டிக்கொண்ட கும்பல் ஒன்று, வாயெல்லாம் திறந்து கத்திக்கொண்டு, ரோஸ் நிறத்துக்குள்ளிருந்து கைகளை நீட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தால் யார்தான் பின்வாங்க மாட்டார்கள்?

ஆலை முற்றத்துக்கு வந்ததும் ஒவ்வொருவராகக் கட்டை அவிழ்த்தார்கள். அவிழ்த்தவர்கள் அலறினார்கள். வெயிலில் அத்தனை முகங்களும் பச்சையாக இருந்தன. தண்ணீரில் மூன்று நாள் கிடந்து மிதந்த முகங்கள் மாதிரி. "டேய், நாம உசுரோடதான் கீறமா?" என்று ஒருத்தன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கண்ணு மாறுதுடா, ஒண்ணுமில்ல, சரியாயிடும், சரியாயிடும்" என்று தங்கதுரை எல்லாரிடமும் ஓடி ஓடிச் சொன்னான். சொன்னவன் முகமும் பச்சையாகத்தான் இருந்தது.

அம்மாசியை ஜீப்பில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரோஸ் அடிக்கச் சொன்ன அந்த அதிகாரி அப்போதுதான் அந்த ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார். முற்றத்தில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். தங்கதுரையின் நகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். அடிக்கப்போகிறார் என்று இவன் ஒடுங்கி நின்றான். அவர் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத அதே சன்னக் குரலில் கேட்டார்:

"உள்ளே போனதிலிருந்து எவ்வளவு நேரத்துல அடங்கினாங்க?"

தங்கதுரை மஞ்சள் நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"கோபமா இருந்தவங்க முதல்ல அடங்கினாங்களா, சாதாரண ஆளுங்களா? நினைவிருக்கா?"

அவர் முகத்தில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. வாழ்நாளில் தங்கதுரை பல முகங்களைப் பார்த்துப் பயந்திருக்கிறான். அதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை.

அன்றைக்கே அவர்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பிறகு ஜெயில், பிறகு விடுதலை. அம்மாசி பிழைத்துக்கொண்டார். ஆட்டைத்தான் கடைசிவரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் இட ஒதுக்கீடும் வந்தது. கொளஞ்சியப்பனின் மகன் அதில் படித்து வாத்தியார் ஆனான்.

தங்கதுரைக்குத்தான் ஒரு கோளாறு தங்கிவிட்டது. மனது நிம்மதியாக இருந்தால், அது தன்னுடைய நிம்மதிதானா என்று அவனுக்குச் சந்தேகம் வரும். சின்னப்பொண்ணுக்குப் பெண் பிறந்தது. மணிமொழி என்று பேர் வைத்தார்கள். குழந்தையை முதல் தடவை அவன் கையில் கொடுத்தார்கள். சின்ன முகம், ரோஸ் பாதம். உடம்பெல்லாம் ஒரு அமைதி பரவியது. அந்த நிமிஷமே அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தையைப் பிடித்தபடியே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தனக்குள்ளே என்ன இருக்கிறது என்று தேடினான்.

"இன்னா, கொழந்தைய பாக்காம கண்ண மூடிக்கினு கீற?" என்றாள் சின்னப்பொண்ணு. "பொட்டப் புள்ளைன்னா?"

"அய்யோ, இல்லடி."

"பின்ன இன்னா?"

அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, குழந்தையை அவன் கையிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "மூடியே பாரு. அது அழுதா ஒனக்குக் கேக்கும்" என்றாள்.

கொஞ்ச காலம் கழித்துக் கருப்பண்ணன் தேடிக்கொண்டு வந்தார். ஆலைக்குப் புதிதாக ஒரு முதலாளி வந்திருக்கிறாராம். கிடங்குக்கு வெள்ளை அடித்தார்களாம். அடித்த சில வாரத்தில் வெள்ளைக்குள்ளிருந்து ரோஸ் கசிந்து மேலே வந்துவிட்டதாம். மறுபடி அடித்தும் மறுபடி வந்ததாம். "சாயம் ஊறினா அப்படித்தாங்க ஏறும்" என்றான் தங்கதுரை. "அது சரிங்க. எங்க ஆடு ரெண்டு உள்ள போயி படுத்ததுங்க. தழை காட்டிக் கூப்டாலும் எழுந்து வரல. தூக்கிக்கினுதான் வந்தேன்" என்றார் கருப்பண்ணன்.

தங்கதுரை போனான். இந்தத் தடவை கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்து, கருப்பண்ணனை வாசலில் நின்று விடாமல் பேசச் சொல்லிவிட்டு, கெட்டியான பச்சையைக் கலக்கி அந்த ரோஸின் மேலேயே அடித்தான். ஈரத்தில் அடியிலிருந்த சாயம் ஊறிப் பச்சையோடு கலந்தது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, சுவர் முழுக்கச் சாம்பலாக நின்றது. அடுப்புச் சாம்பல் நிறம். மூலைகள் திரும்பி வந்தன. அந்த மூலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

வேலை முடிந்ததும் கருப்பண்ணன் அவனை மலைக்குக் கூட்டிப்போனார். வீட்டில் அவர் மனைவி பெரியம்மாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். மறுநாள் காலையில் காட்டுக்குக் கிளம்பியபோது மேகம் இறங்கி வழியை மூடிவிட்டது. முன்னும் பின்னும் ஒரே வெளுப்பு. மேடு பள்ளம் தெரியவில்லை. தன் கையே தெரியவில்லை. எல்லை இல்லாத இன்னோர் அறைக்குள் வந்துவிட்டோம் என்று தங்கதுரை அப்படியே நின்றுவிட்டான். "கருப்பண்ணே!" என்று கத்தினான். அவன் குரலே அவனுக்கு யாரோ போலக் கேட்டது.

"இங்கதான் கீறேன், வாங்க" என்று வெளுப்புக்குள்ளிருந்து பதில் வந்தது. "கால வச்சுப் பாத்து வாங்க. எடது பக்கம் பள்ளம்."

காலால் தடவித் தடவி நடந்தான். பயமாக இருந்தது. கண் திறந்திருக்கும்போதே பயமாக இருந்தது. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கருப்பண்ணனிடம் அவனால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு தங்கதுரை நன்றாகத்தான் வாழ்ந்தான். ஊரில் பாதி வீடுகளுக்கு அவன் கை பட்டிருக்கிறது. கல்யாண வீட்டுக்கு ரோஸ் கேட்டாலும் அடித்துக் கொடுத்தான். ஒரு சுவரை மட்டும் வேறு நிறத்தில் விட்டுவிடுவான். கேட்டால், அதுதான் இப்போ பேஷன் என்பான். கொளஞ்சியப்பன் கள்ளக்குறிச்சிக்கு வரும்போதெல்லாம் இருவரும் டீக்கடையில் உட்கார்ந்து அதே வாக்குவாதம்தான்.

"கலராவது வெங்காயமாவது! போலீஸ் அடிப்பானோன்னு பயம், அதான் கம்முனு குந்திக்கினு இருந்தோம்" என்பார் அவர்.

"பயம்தாண்ணே அங்க இல்லாம போச்சு" என்பான் இவன்.

வருஷக்கணக்காக இது ஓடியது. இருவருக்கும் தலை நரைத்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிவிட்டது. மணிமொழி நர்ஸ் படித்து, மனநல வார்டில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள், அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள்.

"அப்பா, அந்த ரோஸ் கலரப் பத்தி எங்க டாக்டர்கிட்ட கேட்டேன். அதுக்கப்பறம் நெறைய பேர் சோதிச்சுப் பாத்துட்டாங்களாம். அப்படி ஒரு சக்தி அந்தக் கலருக்குக் கெடையாதாம். நீங்க மனசுல வச்சுக்கினு கஷ்டப்படாதீங்க."

தங்கதுரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெசமாவா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த தடவை கொளஞ்சியப்பன் வந்தபோது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சொன்னார். "நீ சொன்னதுதாண்ணே சரி. அந்தக் கலர்ல ஒண்ணும் கெடையாதாம்."

ஜெயித்தவர் சிரிப்பார் என்றுதான் எதிர்பார்த்தார். கொளஞ்சியப்பன் சிரிக்கவில்லை. டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். நடமாட்டமே இல்லாத உச்சி வெயில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அப்பிடின்னா, அந்தப் பெரியவரு கைய நீட்டனாரே, நாம சும்மா பாத்துக்கினு..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

பிறகு தங்கதுரையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"இல்ல தங்கதுரை. ஒம் பொண்ணுக்கு சரியா தெரியல. அது கலர்தான்யா. கலர்தான்."